குடிமக்கள் வானொலியும் குடிமை இழந்தோரும்: பூனாகலையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1945ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, வானொலியைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மக்களும் தமக்குள் பேசிக்கொள்ளும் பொருட்டு ஒரு சேவையை வகுத்தது. 'குடிமக்கள் வானொலி' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். மூன்றாண்டுகள் கழிந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கை மலையகத் தமிழருட் பெரும்பாலோரைக் குடிமக்கள் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. எனினும், ஒரு சமூகத்திலே பேசும் உரிமை யாருக்குரியது, கேட்டிருக்கும் கடமை யாருக்குரியது என்ற வினா இரண்டிலும் உள்ளுறைந்து கிடக்கிறது. அவ்வினாவை ஊவாவின் பூனாகலைத் தோட்டப் பகுதியை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் வரலாற்றை நோக்குவாம். 1958இல் 27 மெகாஹேட்ஸ் மீடிறனை அண்டிய அலைவரிசை இச்சேவைக்கு ஒதுக்கப்பட்ட பின்னரே அது வாகனங்களுக்குள் பரவலாகப் புகுந்தது. திரான்சிஸ்ரரின் வருகை கருவியின் பருமனையும் விலையையும் குறைத்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், அதனையடுத்து விதிக்கப்பட்ட மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடும் அமெரிக்க லொறிச் சாரதிகளை இக்கருவியின்பால் ஈர்த்தன. எரிபொருள் கிடைக்குமிடத்தையும் பொலிசார் நிற்குமிடத்தையும் அவர்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். 1977இல் 23 தடங்கள் 40 ஆக உயர்த்தப்பட்டன. ஒன்பதாம் தடம் அவசரச் செய்திகளுக்கென விடப்பட்டது. பிரித்தானியாவில் சட்டத்தை மீறிப் பலர் பயன்படுத்திய பின்னர், 1981 நவம்பரில் அரசு இசைவளித்தது. மக்கள் முதலிற் பேசினர். சட்டம் பின்னர் இணங்கியது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

கருவியைப் பொருத்தும் முறையும் கடினமானதன்று. வாகனத்தின் 12 வோல்ற் மின்கலவடுக்கிலிருந்து உருகி ஒன்றின் வழியாக மின்னைப் பெற்று, சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் பெட்டியை இருத்துவர். அலைநீளம் ஏறத்தாழ 11 மீற்றராதலின், அதன் காற்பகுதியான ஏரியல் 2.7 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையதாதல் வேண்டும். ஓடும் வண்டிக்கு இது ஒவ்வாதாகையால், அடியிற் சுருளொன்றை அமைத்துக் கம்பியைக் குறுக்குவர். வாகனத்தின் உலோக உடலே ஏரியலுக்கு நிலமாக அமைகிறது. ஏரியல் செம்மையாக இசைவிக்கப்படாவிடின் சக்தியின் ஒரு பகுதி திரும்பி வந்து கருவியையே பழுதாக்கும். ஆதலின் அளவுமானி கொண்டு நீளத்தைச் சரிசெய்த பின்னரே பேச முற்படுவர். ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை பேசலாம்; விட்டபின் கேட்கலாம். இருவர் ஒரே கணத்திற் பேசின் ஒன்றும் விளங்காது. எனவே, மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருத்தல் இக்கருவியின் முதல் விதியாகிறது.

ஆயின் 4 வாற்று வலுவுடைய இக்கருவி சமவெளியிற் சில கிலோமீற்றர்களைக் கடக்குமேயன்றி, மலையைத் துளைத்துச் செல்லாது. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒவ்வொரு வளைவும் ஒரு மலைமுகட்டை இடையே நிறுத்துகிறது. இத்தகைய நிலத்தில், முகடொன்றில் மீளனுப்பி ஒன்றை நிறுவி, மிகையுயர் மீடிறனில் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்துவதே பொருத்தமாகும். அவ்வாறாயின் கேள்வி பொறியியலைக் கடந்து சமூகவியலுக்குள் நுழைகிறது: முகடு யாருடையது? மீளனுப்பியின் திறவுகோல் யார் கையில் இருக்கும்?

தோட்டத்தின் தொடர்பாடல் வரலாறு இதற்கு விடை தருகிறது. விடியற்காலையில் தப்பு முழங்கும்; தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடுவர். தொழிற்சாலைச் சங்கு வேலைநேரத்தை அறிவிக்கும். கட்டளை துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து கங்காணிக்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும் இறங்கும். தொலைபேசி பங்களாவிலும் அலுவலகத்திலும் இருந்தது. லயன் அறைகளுக்குத் தனி முகவரி இன்மையால், தொழிலாளியின் கடிதமும் தோட்ட அலுவலகத்தைக் கடந்தே அவரது கையை அடைந்தது. இவையனைத்தும் மேலிருந்து கீழே செல்லும் ஒருவழிப் பாதைகளாம். கீழிருந்து மேலே செல்வதற்குத் தொழிற்சங்கம் ஒன்றே வாயிலாயிருந்தது.

1925இற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும், 1949இல் இலங்கை வானொலி உருப்பெற்றதும், பின்னர் திரான்சிஸ்ரர்ப் பெட்டி லயன் அறைக்குள் வந்ததும் பெருமாற்றங்களே. உலகச் செய்தி தொழிலாளியின் காதை எட்டியது. ஆனால் அதுவும் கேட்கும் கருவியேயன்றிப் பேசும் கருவியன்று. பெட்டி வைத்திருந்து கேட்பதற்கே அனுமதிப் பத்திரம் வேண்டப்பட்ட காலமும் இருந்தது. அலை பரப்பும் கருவிக்கோ 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இன்றும் அனுமதி வேண்டும்.

இருவழி வானொலியின் பயனை இந்நாடு அறியாததன்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தென்கரையைத் தாக்கித் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்தபோது, வானொலி ஆர்வலர் சிலர் அம்பாந்தோட்டைக்குத் தம் கருவிகளோடு சென்று, வாகன மின்கலவடுக்கின் துணைகொண்டு கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். பெருநிறுவனங்களின் வலைப்பின்னல் வீழ்ந்தவிடத்து எளிய கருவி நின்றது.

பத்தாண்டுகளின் பின், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், பூனாகலைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுகள் இருந்தவிடத்திற் சேறே இருந்தது. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதை முதல் நாட்களில் எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. நூற்றுக்கணக்கில் அறிவிக்கப்பட்ட தொகை பின்னர் பன்மடங்கு குறைந்தது. மக்களைப் பற்றிய பதிவே அத்தகைய நிலையில் இருந்தது.

இங்கு எமது வாதத்தை நாமே சோதித்துக்கொள்ளல் வேண்டும். மீரியபெத்தையில் எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? அன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தின் அபாயத்தை 2005இலும் 2011இலும் சுட்டிக்காட்டியிருந்தது. குடியிருக்க வேறு நிலம் கொடாது, 'எழுந்து போங்கள்' என்று மட்டும் கூறுவது எச்சரிக்கையாகாது. லயன் அறை தொழிலோடு பிணைக்கப்பட்டது, நிலமோ தொழிலாளியினுடையதன்று. உயிர் தப்பியோர் புதிய வீடுகளைப் பெறுவதற்கு 2016 வரை காத்திருந்தனர். 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மீண்டும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆகவே, கருவி கிடைத்தால் துயர் தீரும் என்பது பிழையான முடிவாகும்.

அதற்காகக் கருவி வேண்டாம் என்பதும் முடிவன்று. கைத்தொலைபேசி இன்று லயன்களிலும் உண்டு. தப்பின் காலம் கடந்துவிட்டது. எனினும் கோபுரங்கள் மின்சாரத்தை நம்பியிருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது, மின்சாரமும் தொலைபேசியும் பாதையும் பல இடங்களில் ஒருசேர அற்றுப்போயின. அத்தகைய இரவில், கொழுந்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ பொருத்தப்பட்ட இருவழிக் கருவி ஒன்று, மேற்பிரிவில் நிலம் வெடித்திருப்பதைக் கீழ்ப்பிரிவுக்குச் சொல்லவல்லது. மழைமானியைப் பார்ப்பவர் அம்மலையிலேயே வாழ்பவராகவும், ஒலிவாங்கி அவர் கையிலேயே இருப்பதாகவும் அமைதல் இதற்கு இன்றியமையாத நிபந்தனையாகும்.

1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்ட பாதையிற் சென்று மலையகத் தமிழர் குடியுரிமையை மீளப் பெற்றனர். வாக்குச் சீட்டு அதன் ஒரு கூறு; சொந்த நிலம் மற்றொரு கூறு; ஆபத்து வேளையில் தம் குரலால் பிறரை அழைக்கவும், அக்குரலுக்கு மறுமொழி பெறவும் உள்ள உரிமை இன்னொரு கூறு. இவற்றுள் முதலாவது மட்டுமே முழுமையாகக் கைவந்துள்ளது. ஏனைய இரண்டையும் ஒன்றாகக் கோருவதே பொருத்தமெனக் கருதுகிறோம். நிலமற்றவர்க்கு வந்துசேரும் எச்சரிக்கை, அவர்கள் செல்ல இடமின்றி, காற்றிலே கலந்து போவதை மீரியபெத்தை நமக்குக் காட்டியிருக்கிறது.