இரட்டிப்பாகத் திருப்பிக் கொடு: நெல் திருவிழாவும் உணர்வுசார் கற்றலின் வினைகளும்

பாடக் குறிப்பேடுகளில் உணர்வுசார் நோக்கங்களுக்கான கட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நிரம்புகிறது: மாணவர் உழவின் மேன்மையை உணர்வர், போற்றுவர், மதிப்பர். இவற்றில் எதையும் ஒரு பிள்ளை செய்வதை ஆசிரியர் கண்ணால் காண முடியாது. கிராத்வால், புளூம், மாசியா ஆகிய மூவரும் 1964இல் உணர்வுசார் களத்தை ஏற்றல், துலங்கல், மதிப்பளித்தல், ஒழுங்கமைத்தல், பண்பாக்கிக்கொள்ளல் என ஐந்து படிகளாக வகுத்தனர். அந்தப் படிகளில் மாணவரை ஏற்றிவிடும் செயல் எது என்பதே பாடம் வடிவமைப்பவரின் சிக்கல்.

இதற்கான விடை காவிரிப் படுகையிலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், உழவர்க்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் தரப்படும். மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். மரபு நெல்லைப் போற்றுங்கள் என்ற உரைகளும் அங்கே உண்டு. ஆனால் வேலை செய்தவை வாங்கு, விதை, காப்பாற்று, திருப்பிக் கொடு என்ற நான்கு வினைகள் என்பேன்.

நான்கில் மூன்றாவதுதான் கனமானது. மாப்பிள்ளைச் சம்பா என்ற மரபு நெல்லை நட்ட வயலில் வேறு ரகப் பயிர் ஒன்றிரண்டு எப்படியும் தலைகாட்டும். கதிர் வரும் பருவத்தில் உழவர் வயலுக்குள் இறங்கி, உயரமும் கதிரின் நிறமும் ஒவ்வாத கலவன்களைத் தூரோடு பிடுங்குகிறார். சோற்றுக்கான நெல் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. இந்த விதை நாளை இன்னொருவர் வயலுக்குப் போகப்போகிறது. கலப்பு விதையை எந்த முகத்தோடு கொடுப்பது? மதிப்பளித்தல் என்ற படி இங்கே கண்ணுக்குத் தெரியும் செயலாகிறது. உணர்வுசார் நோக்கத்துக்கு வினை தேடுகிறவர்கள், இன்னொரு மனிதருக்குக் கடன்படுத்தும் வினையைத் தேடவேண்டும் என்பதே என் வாதம்.

உழவருக்கு இது பிழைப்பு, மாணவருக்கு அப்படியில்லையே என்ற மறுப்பு எழலாம். நியாயந்தான். ஆனால் கலவன் பிடுங்க வைத்தது நெல்லின் விலை மட்டுமன்று, வாங்கப்போகிறவரின் முகமும்தான். அந்த முகத்தைப் பள்ளியாலும் தரமுடியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டியே வருகிறது. அப்போது எட்டாம் வகுப்பு ஏழாம் வகுப்புக்கு ஒரு கைப்பிடி பூங்கார் விதைநெல் தரட்டும். குறுகிய கால நெல் ஆதலால் காலாண்டுத் தேர்வை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். ஏழாம் வகுப்பு அதைப் பள்ளிப் பாத்தியில் விளைவித்து இரண்டு கைப்பிடியாக ஆறாம் வகுப்பிடம் ஒப்படைக்கட்டும்.

இதற்கு மதிப்பெண் போடக்கூடாது. போட்டால் பிள்ளைகள் கலவனை ஆசிரியருக்காகப் பிடுங்குவார்கள். ஆசிரியர் குறித்துவைக்க வேண்டியவை வேறு: யாரும் சொல்லாமலே பாத்திக்குப் போனது யார், பயிர் பட்டுப்போன பிள்ளை யாரிடம் மறுபடி விதை கேட்டது, கொடுக்கும்போது ஆறாம் வகுப்புக்கு என்ன சொல்லிக் கொடுத்தது.