கொள்ளைநோய்க் காலத்து அச்சம்

ஒரு நோய் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை அரசின் பதிவேடுகள் கூறும். மக்கள் எதற்கு அஞ்சினர் என்பதை அவை எளிதில் கூறுவதில்லை. இறப்பின் அளவும் அச்சத்தின் அளவும் ஒத்துச் செல்வன அல்ல. ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளியில் பம்பாய் நகரைத் தாக்கிய இரு கொள்ளைநோய்களை ஒருங்கே வைத்து நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். அடுத்த மாதமே, நோயுற்றோரைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு அகற்றும் அதிகாரத்தை நகராட்சி மேற்கொண்டது. அம்மாத இறுதிக்குள் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ 1,000 பேர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். பிணங்களிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்றும், விக்டோரியா அரசியின் சிலை அவமதிக்கப்பட்டதற்குப் பழிவாங்கவே நோயாளிகள் கொல்லப்படுகிறார்கள் என்றும் வதந்திகள் உலவின. 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரிலிருந்து, 1897ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேறினர்.

இவ்வதந்திகளை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் மக்கள் கண்ணாரக் கண்டது யாது? அஞ்சிய குடும்பத்தார் நோயாளியை இயன்றவரை மறைத்தனர். அவர் பிடிபட்டு மருத்துவமனை சேரும்போது நோய் முற்றியிருந்தது. உள்ளே சென்றவருட் பெரும்பாலோர் மீளவில்லை. அதைக் கண்ட அண்டை வீட்டார் தம் நோயாளியை மேலும் கருத்தாய் மறைத்தனர். அச்சம் இறப்பைப் பெருக்க, இறப்பு அச்சத்தை மெய்ப்பித்தது.

1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. பூனாவில் ராண்ட் என்னும் அதிகாரியின்கீழ்ப் படைவீரர் வீடுவீடாகச் சோதனையிட்டனர். பூசையறையும் அடுக்களையும் அயலார் காலடியில் கிடந்தன, பெண்டிர் சோதனைக்கு உள்ளாயினர், உடைமைகள் எரிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் இரவு சாப்பேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். நோய் உயிரை மட்டுமே கேட்டது. சோதனையோ மானத்தையும் கேட்டது என்று அம்மக்கள் உணர்ந்தனர் எனல் தகும்.

எதிர்ப்பு வலுத்தபின், அந்நூற்றாண்டு முடிவதற்குள் அரசு கட்டாயத்தைப் பெரிதும் தளர்த்தியது. தத்தம் சமூகத்தார் நடத்திய மருத்துவமனைகளுக்கு மக்கள் தயக்கம் குறைந்து சென்றனர். நோயின் கொடுமை குறையவில்லை. நோயாளியைத் தொடும் கை மாறியிருந்தது.

1918 ஜூனில் அதே பம்பாய்க்கு இன்புளுயன்சா வந்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதன் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மாண்டோர் 1 கோடியே 20 இலட்சத்திற்குக் குறையார் என்பது பிற்கால ஆய்வாளர் மதிப்பீடு. கால் நூற்றாண்டில் பிளேக் கொண்ட உயிர்களுக்கு நிகரானவற்றை அது சில மாதங்களிற் கொண்டது. 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. எனினும் 1896இன் கலகங்களை ஒத்த கொந்தளிப்பு எழவில்லை. காய்ச்சல் என்பது பழகிய பெயர். எவரையும் வீட்டிலிருந்து இழுத்துச் செல்ல வீரர் வரவில்லை. தன்னார்வச் சங்கத்தாரே மருந்தும் கஞ்சியும் கொண்டு வந்தனர். பிளேக்கின் நினைவு கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலாக நிலைபெற்றிருக்க, அதனினும் விரைந்து கொன்ற காய்ச்சல் பொதுநினைவில் மங்கிப்போயிற்று.

2020இல் கொரோனா பரவியபோது, அரசுகள் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை மீண்டும் கையிலெடுத்தன. அவ்வாண்டு ஏப்ரலில், தொற்றால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றோரைக் கூட்டமொன்று கல்லெறிந்து விரட்டியது. புதைத்த உடலிலிருந்து நோய் பரவும் என்று அக்கூட்டம் நம்பியது. 1896இல் மருத்துவமனையை நோக்கிப் பறந்த கல், இப்போது மருத்துவரின் சவப்பெட்டியை நோக்கிப் பறந்தது. இரண்டிலும் அஞ்சியவருக்கு உரிய நேரத்தில், அவர் நம்பத்தக்க ஒருவர் வாயிலாக, உண்மை சென்று சேரவில்லை.

சில பிரிவுகளே கொண்ட அச்சிறிய சட்டம், சோதிக்கவும் பிரிக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் தந்தது. அஞ்சி நிற்போரிடம் அமர்ந்து விளக்கும் கடமையை அது எவருக்கும் விதிக்கவில்லை.