பீரங்கிப் பந்தயம் மீண்டும் வேண்டுமா?



லண்டனில் 1880-ல் தொடங்கிய ‘ராயல் டூர்னமென்ட்’ என்ற ராணுவ சாகசக் காட்சி 1999-ல் நிறுத்தப்பட்டது. வசூல் படைவீரர் நலநிதிக்குப் போனது. கூட்டத்தை ஈர்த்தது பீரங்கிப் பந்தயம். மாலுமிகள் பீரங்கியைக் கழற்றி, சுவர் தாண்டி, மறுபடி பூட்டி இழுத்து ஓடுவார்கள். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் முற்றுகைக்கு ஆளான லேடிஸ்மித் நகருக்குக் கடற்படையினர் கப்பல் பீரங்கிகளைக் கொண்டுபோனதன் நினைவு அது.

மீண்டும் நடத்தலாமா? பேரேடு எழுதிய பழக்கத்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன். வரவில் நிதியும் நெருக்கமும். செலவில் பயிற்சி நாட்களும் காயங்களும். நடத்தலாம் என்பதே என் கருத்து. ஆனால் 118 நாள் முற்றுகையில் காய்ச்சலால் மாண்டவர்களையும் அரங்கில் சொல்ல வேண்டும். வீரத்தை வரவு வைத்து, சாவை எழுதாமல் விட்டால் கணக்கு டேலி ஆகாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?