கண்ணாடி மாளிகையும் அக்னி வசந்தமும்

பெங்களூர் லால்பாக் மலர்க்காட்சிக்குப் போகிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். மேலே இருக்கும் கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. பனியில் செடி செத்துப்போகும் நாட்டில் கண்ணாடிக் கூரைக்கு அர்த்தம் உண்டு: வெளியே உறைபனி, உள்ளே செயற்கையாக ஒரு வசந்தம். அங்கே தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் அந்தத் தொழில்நுட்பத்தைத்தான் 1851-இல் லண்டன் 'கிரிஸ்டல் பேலஸ்' ஆக்கினார். செடிக்கான கூரை, பேரரசின் சரக்கைப் பரப்பிக் காட்டும் கூரையானது.

பெங்களூரில் எந்தக் குளிருக்கு இந்தக் கண்ணாடி? 1889 நவம்பர் 30-இல் விக்டோரியாவின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். கட்டடத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். ஆரம்பத்திலிருந்தே அது காட்டுவதற்கான கட்டடம்.

பேரரசு போச்சு, காட்சி போகவில்லை. இன்று பெரிய காட்சிகள் இரண்டு: குடியரசு நாளையொட்டி ஒன்று, சுதந்திர நாளையொட்டி ஒன்று. விதைப்பதும், நாற்றெடுப்பதும், தொட்டி மாற்றுவதும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்கிற வேலை. அரசு சொல்கிற நாளில் பூ பூத்தாக வேண்டும். 2023 ஆகஸ்டில் விதான சௌதா பூவால் எழுந்தது. 2024 ஆகஸ்டில் அம்பேத்கர் கருப்பொருள். அவரைப் பூவாக்கி நிறுத்துவதில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது: பூ எதிர்த்துப் பேசாது, சில நாளில் வாடியும் போகும்.

தோட்டத்தின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது சில பெயர்கள்தான். 1760-இல் ஹைதர் அலி, பிறகு திப்பு, 1874-இல் ஜேம்ஸ் கேமரன், 1908-இல் ஜெர்மானியர் கிரும்பீகல். நாம 'பெங்களூர் கத்தரிக்காய்' என்கிற சௌசௌகூட கேமரன் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

பெங்களூரின் தோட்டக்காரச் சாதிக்குத் திகளர் என்று பெயர். கன்னடத்தில் 'திகுள' என்றால் தமிழர். தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்கிறார்கள். ஆற்காட்டுச் சீமையோடு அவர்களுக்குள்ள உறவு பேச்சிலும் தெய்வத்திலும் தெரிகிறது. முள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு லால்பாக்கைப் பற்றி எழுதக் காரணம் இதுதான். ஹைதரின் படைக் கிடங்கு இருந்தது நம்ம ஆரணிக் கோட்டையில். 1782 ஜூன் 2-இல் அயர் கூட்டின் படை இங்கே மோதியது அதைக் குறிவைத்து. அந்தப் போர் புத்தகத்தில் உண்டு. மண்வெட்டியோடு மேற்கே போன சனங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சனங்களுக்கென்று ஒரு மலர்க்காட்சி இருக்கிறது, டிக்கெட் கிடையாது. சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும். முழுக்க மல்லிகையால் மூடிய கூம்பு. கையால் பிடிக்காமல் அதைத் தலையில் சுமப்பவர் பெண்வேடமிட்ட ஆண். அன்றைக்கு அவர்தான் திரௌபதி. சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள். போகிற வழியில் மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று போகிறது. ஆரணி வட்டாரத்தில் பாரதம் படித்து, கூத்தாடி, தீ மிதிக்கிற திரௌபதி அம்மன் விழாவுக்கு நாம் வைத்திருக்கும் பெயரை நினைத்துப் பாருங்கள்: அக்னி வசந்தம். கண்ணாடிக்கடியில் பத்திரப்படுத்த முடியாத வசந்தம் அது. (க்ஷத்திரியப் பட்டத்துக்குள் இருக்கிற மேல்நோக்கிய ஏக்கத்தை மறைத்துவிட்டுக் கரகத்தைக் கொண்டாடவும் வேண்டாம்.)

'பண்பாட்டுப் பாரம்பரியம்' என்று கரகத்தைப் புகழ்வது அரசுக்கும் சுலபம். கஷ்டமான கேள்வி நிலத்தையும் நீரையும் பற்றியது. பெங்களூரின் சம்பங்கி ஏரியைச் சுற்றித் தோட்டம் வைத்துப் பிழைத்தவர்கள் இவர்கள். குழாய்த் தண்ணீர் வந்தபின் நகரத்துக்கு ஏரி வேண்டாததாகிவிட்டது. தோட்டக்காரர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆனாலும் அது தூர்ந்து, பூவின் பெயர் வைத்திருந்த ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. கரகச் சடங்குக்கென்று ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.