அழிந்த காட்சிகளும் அழியாத ஒலியும்

வரலாறு என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் நினைப்பது நம் வழக்கம். அரசர் வெட்டுவித்ததும் ஆலயம் காத்து வைத்ததுமே சான்றுகள் என்று நாம் கற்று வந்திருக்கிறோம். ஆனால் நம் காலத்திலேயே ஒரு பெரிய நிறுவனம் தன் கையாலேயே அழித்துவிட்ட படைப்பொன்றை, அதனைப் பார்த்து மகிழ்ந்த பள்ளி மாணவரும் இளைஞரும் காத்துக் கொடுத்த செய்தி ஒன்று உண்டு. வருங்காலத்துக்கு உதவ வேண்டும் என்று எண்ணி அவர்கள் அதைச் செய்யவில்லை. மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆசையினாலேயே செய்தார்கள். அந்த வரலாற்றை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அப்படைப்பின் பெயர் ‘டாக்டர் ஹூ’ என்பது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. அதன் முதற்பகுதியை 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் சனிக்கிழமை மாலையில் ஒளிபரப்பியது. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே அத்துயரச் செய்தியில் ஆழ்ந்திருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதியைக் காட்டுமுன் முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை காட்டினார்கள். இத்தகைய சூழ்நிலையில் தொடங்கிய தொடர் 1989 வரை நடந்தது. இடையில் 1996-இல் ஒரு தனித் திரைப்படமாகத் தலைகாட்டிற்று. 2005-ஆம் ஆண்டில் மறுபிறவி எடுத்தது.

கதையின் அடிப்படை எளியது. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லவல்ல முதியவர் ஒருவர். ‘டாக்டர்’ என்பதற்கு மேல் அவர் பெயரை ஒருவரும் அறியார். அவருடைய ஊர்தி, பொதுமக்கள் போலீசாரைத் தொலைபேசியில் அழைப்பதற்காக அந்நாளில் லண்டன் தெருக்களில் நிறுத்தப்பட்டிருந்த நீலப் பெட்டியைப் போன்ற தோற்றமுடையது. வெளியே நாலு பேர் நிற்கவும் இடம் போதாத அப்பெட்டி, உள்ளே நுழைந்தால் பெரிய கூடமாக விரியும். அவருடன் பயணம் செய்தவர்கள் அவருடைய பேத்தியும், பள்ளி ஆசிரியர் இருவரும். அவ்விருவரில் ஒருவர் வரலாறும் மற்றவர் விஞ்ஞானமும் கற்பிப்பவர். பிள்ளைகள் கதையோடு கதையாக இவ்விரு பாடங்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது, நாடகப் பிரிவின் தலைவராயிருந்த கனடா நாட்டினர் சிட்னி நியூமனின் நோக்கம்.

நோக்கம் பாடமாயினும், பிள்ளைகளின் உள்ளத்தில் பதிந்தது பயமே எனலாம். 1963 டிசம்பரில் ‘டாலெக்’ என்னும் கொடிய உயிரினம் கதையில் புகுந்தது. எழுத்தாளர் டெர்ரி நேஷன் கற்பனை செய்து, ரேமண்ட் கியூசிக் உருவமைத்த அவ்வுயிர்கள், உலோகக் கூட்டுக்குள் இருந்துகொண்டு கரகரத்த குரலில் ஆணையிடும். அத்தலைமுறையைச் சேர்ந்த பிரிட்டிஷ் மக்களைக் கேட்டால், ‘சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம்’ என்பார்கள். இது அந்நாட்டில் ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. 1966-இல் முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலக நேர்ந்தபோது, டாக்டரின் உடலே மாறிப் புதுவடிவம் பெறுகிறது என்று கதை அமைத்து, பேட்ரிக் ட்ரௌட்டனை அப்பாத்திரத்தில் நடிக்கச் செய்தார்கள். நடிகர் மாறினும் நாயகன் மாறாத இந்த ஏற்பாடே தொடரின் நீண்ட ஆயுளுக்குக் காரணமாயிற்று.

இத்தொடரின் பிறப்பில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. முதற் கதையை இயக்கியவர் லக்னோவில் 1938-ஆம் ஆண்டு பிறந்த வாரிஸ் ஹுசைன். நாட்டுப் பிரிவினைக் காலத்தையொட்டிச் சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்றவர் அவர். அவருடைய தாயார் அத்தியா ஹுசைன், பி.பி.சி.யின் கீழ்த்திசைப் பிரிவில் பணியாற்றியவர்; லக்னோ வாழ்வைக் களமாகக் கொண்டு 1961-இல் ஆங்கில நாவல் ஒன்றை வெளியிட்டுப் புகழ்பெற்றவர். முதற்பகுதியை இயக்கியபோது வாரிஸ் ஹுசைனுக்கு வயது 24. தயாரிப்பாளரோ வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண். ஆடவரே நிறைந்திருந்த அவ்வலுவலகத்தில், ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும், லைம் குரோவ் என்ற இடத்திலிருந்த குறுகிய ஸ்டூடியோவில் தொடரை உருவாக்கினார்கள். முதலில் எடுத்ததை நியூமன் ஏற்கவில்லை; மீண்டும் எடுக்கச் செய்தார். மறுபடி எடுத்ததே மக்கள் கண்டது.

அடுத்த ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒளிபரப்பான ‘மார்க்கோ போலோ’ என்ற ஏழு பகுதிக் கதையில் ஆறு பகுதிகளை இயக்கியவரும் அவரே. டாக்டரும் துணைவரும் 1289-ஆம் ஆண்டில், மார்க்கோ போலோவுடன் பாலைநிலங்களைக் கடந்து குப்ளாய் கானின் அவைக்குச் செல்லும் கதை அது. ஆடையும் அரங்கமும் சிறப்பாக அமைந்திருந்தன என்று அன்று கண்டவர் கூறுவர். அந்த ஏழு பகுதிகளில் ஒன்றேனும் இன்று படமாகக் கிடைக்கவில்லை.

ஏன்? அந்நாளில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த வீடியோ நாடா விலை மிகுந்தது. பழைய பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது சிக்கனமெனக் கருதப்பட்டது. நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாடுகளால் ஒரு நிகழ்ச்சியைப் பலமுறை மறுஒளிபரப்புச் செய்யவும் இயலவில்லை. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக 16 மில்லிமீட்டர் பிலிம் சுருள்களில் படிகள் எடுத்திருந்தனர். ஆனால் விற்பனை உரிமைக்காலம் முடிந்ததும் அவற்றையும் குப்பையில் சேர்த்தார்கள். வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படத்தை யார் வாங்குவார் என்பது அவர்கள் எண்ணம். மற்றொரு பிரிவு ஒரு படி வைத்திருக்கும் என்று ஒவ்வொரு பிரிவும் நம்பியதாகவும் சொல்லப்படுகிறது. அலுவலகக் கோப்புகளிடையே காலம் கழித்த எவருக்கும் இது விளங்காத செய்தியன்று. 1967 முதல் பத்தாண்டுக் காலம் நடந்த இவ்வழிவு, 1978 அளவில்தான் நின்றது. 1963 முதல் 1969 வரை ஒளிபரப்பான 253 பகுதிகளில் 97 பகுதிகள், 2013-ஆம் ஆண்டு இறுதியில் எடுத்த கணக்கின்படி, படமாகக் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த 97 பகுதிகளில் ஒலி கிடைக்காத பகுதி ஒன்றுகூட இல்லை.

வீட்டில் படத்தைப் பதிவுசெய்யும் கருவி அந்நாளில் பெரும்பாலோரிடம் இல்லை. ஆயினும் சுழல்நாடா ஒலிப்பதிவுக் கருவிகள் நடுத்தரக் குடும்பங்களை எட்டியிருந்தன. நாட்டின் வெவ்வேறு இடங்களில் ஒருவரையொருவர் அறியாத சில இளைஞர், சனிக்கிழமை மாலை தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை நிறுத்தினார்கள். வீட்டார் அனைவரும் வாய்மூடி இருக்க வேண்டும், நாற்காலி அசையக்கூடாது. விவரம் அறிந்த ஒருவரோ, பெட்டியின் உட்புறத்திலிருந்தே கம்பி இணைத்து, வெளியோசை கலவாமல் தெளிவாகப் பதிவுசெய்தார். இவ்வாறு அவர்கள் தொலைக்காட்சியை வானொலியாக்கி வைத்துக்கொண்டார்கள். படுக்கையில் கிடந்தபடி நாடாவை ஓடவிட்டால், காட்சி தானாகவே மனத்தில் எழும். வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நம் நேயர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இந்நாடாக்களைப் பிற்காலத்தில் பி.பி.சி.யே கேட்டு வாங்கி, இரைச்சல் நீக்கிச் செப்பனிட்டு, காட்சியை விளக்கும் உரையும் சேர்த்து வெளியிட்டது. ட்ரௌட்டன் முதன்முதல் டாக்டராகத் தோன்றிய கதையின் ஆறு பகுதிகளும் அழிந்துபோயின. அவற்றின் ஒலிக்கேற்பச் சித்திரங்கள் வரைந்து, சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2016-இல் மக்கள் முன் வைத்தார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதைக் காணும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. வடமொழி மூலம் அழிந்துபோன பல பௌத்த நூல்கள், சீன மொழியிலும் திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டிருந்தமையாலேயே இன்று நமக்குக் கிட்டியுள்ளன. மூலத்தின் முகம் மறைந்துவிட்டது. அதன் குரல் வேறோர் உடலில் கேட்கிறது.

ஒலிக்குத் துணையாக வேறு சிலவும் எஞ்சின. ஜான் கியூரா என்னும் நிழற்படக் கலைஞர், தம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து, நடிகருக்கும் இயக்குநருக்கும் சிறிய படங்களாக விற்று வந்தார். அவற்றை வரிசைப்படுத்தி ஒலியுடன் இணைத்தால் கதை ஒருவாறு புலப்படும். ஆஸ்திரேலியாவில், பிள்ளைகள் அஞ்சுவர் எனத் தணிக்கை அதிகாரிகள் வெட்டியெடுத்த துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. 1996-இல் அத்தொடரின் அன்பர்கள் அவற்றைத் தேடிக் கண்டார்கள். முழுப்படம் அழிந்தது, தகாததென்று வெட்டிய பகுதி பிழைத்தது! குண்டலகேசியின் பாடல்கள் சில, அந்நூலை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையில் எஞ்சியிருப்பதை அறிந்த தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

சில பகுதிகள் முழுமையாகவும் திரும்பின. 1983-இல் லண்டன் மாதாகோயில் கட்டடம் ஒன்றின் நிலவறையிலிருந்து இரண்டு பகுதிகள் கிடைத்தன. 1992-இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை வந்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையத்தில் கிடைத்த ஒன்பது பகுதிகள் 2013-இல் வெளியாயின.

ஹாங்காங்கிலிருந்து வந்த கதை ஒரு பாடமும் கற்பித்தது. 1967-இல் சிறுவராய் இருந்து அதனைக் கண்டவர்கள், அதைவிடச் சிறந்த கதை இல்லை என்று 25 ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். மீண்டும் பார்த்தபோது, பலர் மகிழ்ந்தனர், சிலர் திகைத்தனர். நினைவில் மலைபோல் நின்ற கல்லறைக் கூடம் திரையில் சிறுத்துத் தோன்றியது. நினைவு நம்மை ஏமாற்றும் என்று அத்தொடரின் பிற்காலத் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் சொல்லி வந்ததுண்டு. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆகவேதான் சான்று வேண்டும். அன்பு மிகுந்த நினைவுக்கே சான்று மிகுதியும் வேண்டும். மாணவர் பதிந்த நாடாக்களின் மதிப்பு, அவை நினைவைப்போல் மெருகேறாமல், அன்று ஒலித்ததை ஒலித்தவாறே திருப்பித் தருகின்றன என்பதிலேயே இருக்கிறது.

எனினும் நினைவைத் தள்ளிவிட முடியாது. 1989-இல் நின்றுபோன தொடரை 2005-இல் எழுப்பிய ரஸ்ஸல் டி. டேவிஸ், பிள்ளைப் பருவம் முதல் அதன் அன்பர். டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட், அத்தொடரைப் பார்த்தே நடிகராக விரும்பியவர். அவ்வாறே டாக்டரான பீட்டர் கபால்டி, சிறுவனாய் இருந்தபோது அத்தொடரைப் பாராட்டி எழுதிய கடிதம் 1974-இல் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வெளிவந்தது. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த தலைமுறையே பின்னர் முன்வந்து கதையை நடத்திற்று. 2018-இல் அத்தொடரின் ஒரு பகுதி 1947-ஆம் ஆண்டுப் பஞ்சாபையும் பிரிவினையின் துயரையும் பொருளாகக் கொண்டது. தொடரின் முதல் இயக்குநர் பிறந்த நாட்டிற்கே கதை வந்து சேர்ந்தது எனலாம்.

மார்க்கோ போலோ கதைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏழு பகுதிகளின் ஒலியும் அன்பர் நாடாக்களில் இருந்தது. ஆனால் படம் ஒன்றும் இல்லையே என்று பல ஆண்டுகள் வருந்தினார்கள். பின்னர், கியூரா எடுத்த சிறு படங்களை வாரிஸ் ஹுசைனே தம்மிடம் வைத்திருந்தது தெரியவந்தது. தாம் இயக்கிய ஆறு பகுதிகளுக்கும் படங்கள் இருந்தன. வேறொருவர் இயக்கிய நான்காம் பகுதிக்கு மட்டும் இல்லை. நிறுவனம் கைவிட்டதை, லக்னோவிலிருந்து சென்ற ஒருவர் தம் சொந்தப் பொருள்களோடு பேணி வைத்திருந்தார்.

நேயர்களே, ஊரைவிட்டு வெகுதொலைவில் வாழும் நம் வீடுகளிலும் பழைய நாடாப்பேழைகள் சில பரணில் கிடக்கக்கூடும். பாட்டி பாடிய தாலாட்டோ, ஊர்த் திருவிழாவின் நாகசுர ஓசையோ, இன்று இல்லாத ஒருவர் நம் பெயரைச் சொல்லி அழைக்கும் குரலோ அவற்றில் இருக்கலாம். வீடு மாற்றும்போது முதலில் எறியப்படுவன அவையே. எறியுமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்; யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மேலட்டையில் எழுதி வையுங்கள்; இயலுமாயின் ஒரு படி எடுத்து உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். மற்றவர் வைத்திருப்பார் என்று மட்டும் எண்ண வேண்டாம்.