தமிழ் எழுத்தும் இணைய உலாவிகளும்

மானிப்பாயில் இயங்கிய அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து 1841 இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. அதனைப் பண்டத்தரிப்பிற் படித்தவரும் மானிப்பாயிற் படித்தவரும் கண்டது ஒரே எழுத்தேயாகும். அச்சுக்கோப்போன் கையை விட்டு நீங்கிய பக்கம் பின்னர் மாறுவதில்லை. இணையப் பக்கத்தின் இயல்பு வேறு. அதனை ஆக்குவோன் குறிகளை மட்டுமே அனுப்புகின்றான். அவற்றை எழுத்தாக்கிக் காட்டுவது வாசகனது கணினியிலுள்ள உலாவி. எனவே, உலாவிகளை வேகத்தையும் வனப்பையும் கொண்டு ஒப்பிடுதல் ஆங்கிலத்துக்குப் போதுமானதாகலாம். தமிழிற் பக்கம் அமைத்தோர் முதலிற் கேட்ட கேள்வி, எழுத்துச் சிதையாமல் நிற்குமா என்பதே.

தொண்ணூறுகளில் ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்றிருந்தது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடு அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்பும் வசதியை 1997 இல் வெளியான நெற்ஸ்கேப் 4, இன்ரநெற் எக்ஸ்புளோரர் 4 ஆகிய இரண்டும் அளித்தன. ஆயின், ஒன்றன் கோப்பினை மற்றையது தானாக ஏற்பதில்லை. இரு சாராரும் படிக்கவேண்டுமெனின் ஒரே எழுத்துருவை இருவகைக் கோப்புகளாக்கி வைத்தல் வேண்டும். இரு நிறுவனங்களின் சந்தைப் போருக்குத் தமிழ்ப் பக்கம் அமைத்தவன் இரட்டை வேலை செய்தான்!

1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால், அட்டவணையில் இடம்பெறுதல் வேறு. திரையில் ஒழுங்காக நிற்றல் வேறு. ‘கொ’ என எழுதும்போது மெய்யை அடுத்து ஒரு குறியே வருகின்றது. அதனைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துதல் காட்டுங் கருவியின் கடன். விண்டோஸ் 2000 இல் இவ்வாற்றல் அமைந்தமையால் எக்ஸ்புளோரர் பயனடைந்தது.

2004 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ், பொது நியமங்களைப் பேணியமையால் பக்கம் அமைப்போரின் நன்மதிப்பைப் பெற்றது. அது தகுதியான மதிப்பே. எனினும், அதன் இரண்டாம் பதிப்பில், இருபுற விளிம்பையும் நேராக்குமாறு பணித்தால் தமிழ் குலைந்துபோயிற்று. கொம்பு மெய்க்குப் பின்னே சென்றது. புள்ளி விலகி நின்றது. வலைப்பதிவர் பலர் அக்கட்டளையை நீக்கியே தப்பினர். நியமங்களை மதியாதது எனப் பலரும் ஏசிய எக்ஸ்புளோரரோ அதே பக்கத்தைப் பிழையின்றிக் காட்டியது. 2008 ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3 இக்குறையைத் தீர்த்தது. ஆங்கில நூல்கள் கூறும் உலாவிகளின் வெற்றி தோல்விக் கணக்கு தமிழுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

இருவகைக் கோப்புத் தொல்லை ஒழிய மேலும் சில ஆண்டுகள் சென்றன. எல்லா உலாவிகளுக்கும் பொதுவான எழுத்துருக் கோப்பு வடிவம் 2012 இலேயே உலகளாவிய நியமமாயிற்று. எக்ஸ்புளோரரின் இறுதிப் பதிப்புக்கான ஆதரவை 2022 ஜூனில் மைக்ரோசொப்ற் நிறுத்திக்கொண்டது.

பாமினியில் எழுதப்பட்ட பழைய பக்கங்களோ இன்றைய உலாவிகளில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே கிடக்கின்றன. தமிழ்ச் சொல்லிட்டுத் தேடினால் அவை அகப்படா. போர்க்காலச் செய்திகளும் மரண அறிவித்தல்களும் அவற்றுள் அடங்கும். வரலாற்று மாணவனுக்கு இவை மூலச் சான்றுகள். பக்கத்தின் நிரலில் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருப்பின் ஒருங்குறிக்கு மாற்றுதல் எளிது. பெயரற்றுக் கிடப்பதை ஒருவர் எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கியே இனங்காணல் வேண்டும்.