புகாரோடு பிணைந்த பாதுகாப்பு: குடும்ப வன்முறைச் சட்டமும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பெண்களும்

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, தேசியப் பதிவிலாகாவின் வாசலை மிதிக்காமலே குடும்பம் நடத்தும் தம்பதியர் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. ஜீவனாம்சம், மணவிலக்கு என்று வந்தால் அந்தத் திருமணத்தை நிலைநாட்டுவதே பெரும்பாடு. ஆனால் கணவன் கை நீட்டினால் கதை வேறு. சமயம் அல்லது வழக்கப்படி சடங்கு நடந்திருந்தாலே போதும், பதிவு இல்லாவிட்டாலும் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளை மனைவியாக ஏற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் வேலை பார்க்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

அந்தச் சட்டம் எளிதில் வந்ததல்ல. 1982இல் பெட்டாலிங் ஜெயாவில் அடைக்கல இல்லம் தொடங்கிய டபிள்யூ.ஏ.ஓ. என்ற மகளிர் உதவி அமைப்பும் தோழமை இயக்கங்களும் பல ஆண்டுகள் போராடின. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகும் 1996 ஜூன் 1 வரை அது நடைமுறைக்கு வரவில்லை. முஸ்லிம்களின் குடும்ப விவகாரம் மாநில ஷரியா சட்டத்தின் கீழ் வருவது. எல்லாச் சமயத்துப் பெண்களையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவர, குடும்ப வன்முறையைத் தண்டனைச் சட்டத்தோடு இணைப்பதே வழியாக இருந்தது. அது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. இன்றைய உதவிச் சேவைகளின் முடிச்சும் அங்கேதான் விழுந்தது.

காரணம், பாதுகாப்பு முழுவதும் குற்ற விசாரணையின் நிழலிலேயே நடக்கிறது. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை போலீஸ் விசாரணை நடக்கும்வரை மட்டுமே. மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் எழுத்தில் தெரிவித்துவிட்டால் அதுவும் காலாவதி. வழக்கு நீதிமன்றம் ஏறினால்தான் அடுத்த ஆணை. அதற்கு 12 மாதம், நீட்டித்தால் இன்னொரு 12 மாதம். 2017இல் செய்த திருத்தம் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொண்டுவந்தது. போலீஸ் புகார் இல்லாமலே சமூகநல அதிகாரி வழங்கலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உடற்காயம் அல்லது அந்த அச்சம் இருந்தால்தான் கிடைக்கும். ஆயுளும் ஏழே நாள்.

அந்த ஏழு நாளில் அடிபட்ட பெண் செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள். தமிழில் சொல்லச் சொல்ல மலாயில் தட்டச்சாகும் புகாரில் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனை அவசரப் பிரிவின் ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில் காயங்களைக் காட்ட வேண்டும். சமூகநல இலாகாவுக்குப் போய், அங்கிருந்து ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இடையில் பிள்ளையின் பள்ளிக்கூடம். விடுப்பு கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளி. போட்டது போட்டபடி வெளியேறியவளின் மைகார்டும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அந்த வீட்டு அலமாரியிலேயே இருக்கும். அவற்றை எடுத்துவர போலீஸ்காரர் உடன் வரவேண்டும் என்பது சட்டமே விதித்த கடமை. கேட்கத் தெரிந்தவளுக்கு அது நடக்கும்; தெரியாதவள் தம்பியையோ மாமாவையோ அனுப்பிவைப்பாள், அங்கே இன்னொரு சண்டை வெடிக்கும்.

ஆகவே, இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் அவள் கூடவே வரும், அவள் மொழி பேசும் ஒரு சமூகப் பணியாளர்தான் உதவிச் சேவையின் உயிர்நாடி. இன்று இந்தத் துணையைப் பெருமளவு தன்னார்வ அமைப்புகளே நன்கொடைப் பணத்தில் தருகின்றன. அரசு சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டிய பணி இது.

சட்டத்தின் முடிச்சை அவிழ்க்கவும் முன்மாதிரி உண்டு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்ற வழக்கு இல்லாமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணையும் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். உதவுவதற்கென்றே பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். சிங்கப்பூரில் குடும்ப நீதிமன்றத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம். கணவன் சிறைக்குப் போகவேண்டும் என்று நினைக்காமல், அடி நின்றால் போதும் என்று வரும் பெண்ணுக்கு மலேசியாவில் இந்த வாசல் இல்லை. பிள்ளைகளின் தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயங்குபவள் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறாள்.

மணவிலக்கிலும் இதே அவலம்தான். முஸ்லிம் அல்லாதவர்களில் ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு ஆறு மாதம்வரை அவகாசம். கணவன் இருக்குமிடம் தெரியாமல் விட்டுவிட்டு ஓடியிருந்தால் இந்தச் சமரசப் படியிலிருந்து விலக்கு உண்டு. மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால் உண்டு. அடித்தான் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. தனிச்சூழ்நிலை என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால்தான் வழி. அடி வாங்கியவளை அடித்தவனோடு ஒரே மேசையில் உட்காரச் சொல்லும் அந்தப் பிரிவில், குடும்ப வன்முறை என்ற விலக்கை நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.